பெக்கான் ஐலண்டு கடல் தீவு அல்ல

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள பெக்கான் ஐலண்டு என்ற ஊர், மக்கள் குடியேறிய காலத்தில் கடல் சூழ்ந்த தீவாக இருந்தது என்று ஒரு பதிவு சொல்கிறது. பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது சதுப்புநிலத்தின் நடுவே நீளவாக்கில் கிடக்கும் மணலும் சிப்பியும் கலந்த மேடு, பழைய கடற்கரையின் மிச்சம். இத்தகைய மேட்டை அங்கே 'ஷெனியர்' என்பார்கள். ஓக் மரத்துக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். சுற்றிலும் சேறு, நடுவில் காய்ந்த நிலம், அதனால்தான் 'தீவு'.

நீங்களே சரிபார்க்கலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் 'டோப்போவியூ' தளத்தில் பழைய வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நீலப் புல் கொத்துக் குறி சதுப்பு. முழு நீலம்தான் திறந்த நீர். வீடுகளைக் குறிக்கும் சின்னஞ்சிறு கறுப்புச் சதுரங்கள் மேட்டை ஒட்டியே வரிசையாக இருக்கும். தாளின் ஓரத்தில் அச்சிட்ட ஆண்டை விட்டுவிட்டு நிலத்தை அளந்த ஆண்டைப் பாருங்கள், இரண்டும் வேறுபடலாம்.