மாம்பழத்துக்கு ஒதுக்கிய பணம்

எங்கள் வீட்டில் மளிகை, காய்கறி, பால் எல்லாம் சேர்த்து மாதம் 12 ஆயிரம் ரூபாய். தாண்டினால் எங்கேயாவது இடிக்கும். எண்ணெய் விலை ஏறினால் பலகாரம் கிடையாது, தக்காளி ஏறினால் புளிக்குழம்பு. அப்படிப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற நான், போன சனிக்கிழமை சேலம் சின்னக்கடை வீதியில் கிலோ 180 ரூபாய்க்கு இமாம்பசந்த் மாம்பழம் 3 கிலோ வாங்கினேன். வீட்டுக்கு வந்திருந்த சித்தி, "540 ரூபாயா? ஒரு வாரத்துக் காய் வாங்கலாமேம்மா" என்றார்.

வாங்கலாம்தான். ஆனால் கத்தரிக்காய் ஆடியிலும் கிடைக்கும், தையிலும் கிடைக்கும். இமாம்பசந்த் அதிகம் போனால் ஐந்தாறு வாரம். ஆனி கடந்து நீலம் ரக மாம்பழம் வந்து குவிந்துவிட்டால் அப்புறம் அடுத்த வருஷம்தான். ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டு ஆப்பிளை வருஷம் முழுக்க 200 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறோம், யாரும் கேட்பதில்லை. நம் ஊர் மண்ணில் விளைந்த பழத்தை அதன் மாதத்தில் வாங்கினால் மட்டும் ஊதாரித்தனமா?

இமாம்பசந்தை நிறம் பார்த்து வாங்க முடியாது. பழுத்த பிறகும் தோல் பாதி பச்சையாகத்தான் இருக்கும். காம்புப் பக்கம் முகர்ந்து பார்க்க வேண்டும். கடைக்கார அண்ணன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து லேசாக அழுத்தி, "இது இன்னைக்கு ராத்திரிக்கு, இது திங்கக்கிழமைக்கு, இந்த ரெண்டையும் அரிசிக்குள்ள வையுங்கக்கா, புதன்கிழமை எடுங்க" என்று பிரித்துப் போட்டார். காம்புப் பால் உதட்டில் பட்டால் எரியும் என்பதால் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, இரவு தயிர்சாதத்துக்கு அறுத்தேன். மெல்லிய தோல், நாரே இல்லாத சதை. கொட்டை சின்னவளுக்கு. முழங்கை வரை சாறு வழிய உட்கார்ந்திருந்தாள், கூப்பிட்டால்கூடத் திரும்பவில்லை.

பணம் வீணாவது வேறு இடத்தில். இரண்டு வருஷம் முன்பு, பிள்ளைகள் கேட்டார்களே என்று பங்குனியிலேயே ஒரு கடையில் வாங்கினேன். வெளியே மஞ்சள் பளபளத்தது. அறுத்தால் உள்ளே வெளுத்துப் போய், ஒரே புளிப்பு. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. அந்தப் பழத்துக்கு என்ன செய்தார்களோ, பாதியைக் குப்பையில் போட்டபோது வயிறு எரிந்தது. அதிலிருந்து சித்திரை பாதி தாண்டாமல் மாம்பழக் கடைப் பக்கம் போவதில்லை.

பாட்டில் மாம்பழ ஜூஸையும் நிறுத்திவிட்டேன். லேபிளைத் திருப்பிப் படியுங்கள், முதலில் எழுதியிருப்பது தண்ணீர். கூடவே சர்க்கரை. அதற்குக் கொடுத்த பணமும் பிஸ்கட் பாக்கெட் பணமும் சேர்த்து மாசியிலிருந்தே வாரம் 100 ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறேன். மாம்பழத்துக்காக அரிசியிலோ பருப்பிலோ கை வைத்ததில்லை.

சித்திக்கும் இரண்டு துண்டு கொடுத்தேன். சாப்பிட்டு முடித்து, "அடுத்த தடவை போனா எனக்கும் ஒரு கிலோ வாங்கிடு" என்று பணத்தை எடுத்து நீட்டினார். அடுத்த வாரம் மல்கோவா வரும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதற்கு 400 ரூபாய் எடுத்து வைத்தாயிற்று.