சான்றிதழ் இருந்தால் ஆலை பாதுகாப்பானதா?

“சர்வதேசத் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆலையில் தொழிலாளர்களுக்கு ஆபத்தில்லை, துணி வாங்கும் நிறுவனத்துக்கும் அதோடு பொறுப்பு முடிந்தது” என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கு எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் 2012 ஆகஸ்டில் கிடைத்தது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அங்கே தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள். வெளியேறும் கதவுகளில் பூட்டு. மிரட்டிப் பணம் பறிக்க முயன்றவர்கள் வைத்த தீ என்று 2020-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தீயை யார் வைத்திருந்தாலும், கதவு திறந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியே அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிலாளர்களையோ மறுநாள் காலையில் வேலைக்கு ஏற்றினார்கள். கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதிலிருந்த சில ஆலைகளிலும் தணிக்கை நடந்திருந்தது. ஆனால் இத்தகைய தணிக்கை சம்பளப் பதிவேடு, வயதுச் சான்று போன்றவற்றைப் பார்க்கும். தூண் தாங்குமா என்று பார்ப்பது வழக்கமில்லை.

அதனால்தான் அடுத்த மாதமே, தொழிற்சங்கங்களும் வாங்கும் நிறுவனங்களும் ஆலைப் பாதுகாப்புக்காகத் தங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டன. பொறியாளர்கள் ஆய்வு செய்தார்கள், அறிக்கைகள் வெளியாயின.

பொறுப்பும் முடிந்துவிடுவதில்லை. 2023-ல் அமலுக்கு வந்த ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்குத் தருவோரிடம் உள்ள மனித உரிமை, சுற்றுச்சூழல் ஆபத்துகளை ஆராய வேண்டும், புகார் வழி வைக்க வேண்டும் என்கிறது.