அரைப்பேர் போட வேண்டிய சீரியல்கள்

(இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று. லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு, இஸ்தோப்பில் (திண்ணையில்) பாக்கியம் அத்தை. பென்ஷன் எடுத்த கொழுந்துக்காரி. பக்கத்தில் போனும் கையுமாகக் கோகுல். வெளியே பனிமூட்டம், டிஷ் டிவி வேலை செய்யவில்லை.)

அத்தை: அந்த ஆபீஸ் கதையைப் போடடா. மூளைக்குள் சில்லு வைப்பார்களே.

கோகுல்: ‘செவரன்ஸ்’. ஆபீசுக்குள் போனால் வீட்டு ஞாபகம் இருக்காது. வெளியே வந்தால் ஆபீஸ் ஞாபகம் இருக்காது.

அத்தை: எனக்கு அதை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், சொல்லு? மலையில் அட்டை கடித்தது வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியாது. சாயங்காலம் காலைப் பார்த்தால் ஒரே ரத்தம். மாமாதான் அடித்தார் என்று ஸ்டேஷனுக்கு ஓடியிருப்பேன்!

கோகுல்: மாமா பாவம்.

அத்தை: அவருக்குத்தான் அந்தச் சில்லு இல்லாமலே எல்லாம் மறந்துபோகுமே. சரி, அடுத்த பாகத்தைப் போடு.

கோகுல்: இன்னும் வரவில்லை அத்தை. முதல் சீசன் 2022 பெப்ரவரி, இரண்டாவது 2025 ஜனவரி.

அத்தை: மூன்று வருசமா? எத்தனை எபிசோட்?

கோகுல்: முதலில் 9, அப்புறம் 10.

அத்தை: இதை எங்கள் கணக்கப்பிள்ளையிடம் கொண்டுபோய் நிறுத்திப் பார். கூடையைத் தராசில் வைத்ததுமே, கொழுந்து போதாது, அரைநாள் சம்பளம்தான் என்று அரைப்பேர் போட்டுவிடுவார்.

கோகுல்: நடுவில் ஸ்ட்ரைக் வந்தது. 2023-ல் அமெரிக்காவில் எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலை நிறுத்தம்.

அத்தை: (நிமிர்ந்து உட்கார்ந்து) சங்கமா? தலைவர் யார்? முன்பணம் கேட்டார்களா?

கோகுல்: சம்பளம்தான். அதோடு, கதை எழுதுகிற மெஷினைக் கொண்டுவந்து எங்கள் வேலையைப் பறிக்காதே என்றும் கேட்டார்கள்.

அத்தை: நம் மலைக்குக் கொழுந்து வெட்டுகிற மெஷின் வந்த கதையேதான். இலையையும் வெட்டும், குச்சியையும் வெட்டும். அது எழுதினால் கதையிலும் பாதி குச்சிதான். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, விடு. முன்பெல்லாம் இப்படியா?

கோகுல்: இல்லை. 1966-ல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ மூன்றே சீசனில் 79 எபிசோட் போட்டது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ 2016-ல் தொடங்கி 2025 கடைசியில் முடிந்தது. மொத்தம் 42.

அத்தை: அதில் சைக்கிளில் சுற்றிய பொடியன்கள்?

கோகுல்: பெரிய ஆளாகிவிட்டார்கள். கதையில்தான் இன்னும் பள்ளிக்கூடம்.

அத்தை: பாஸ் பண்ணாத பிள்ளைகள் போல. வேறு எது இருக்கிறது?

கோகுல்: ‘1899’. கப்பல் கதை. ஆனால் முடிவு இல்லை. 2022 நவம்பரில் 8 எபிசோட் வந்தது, 2023 ஜனவரியில் இனி கிடையாது என்றுவிட்டார்கள்.

அத்தை: கப்பலில் ஏற்றிவிட்டு இறக்காமல் போய்விட்டார்களா! நம் தாத்தாக்களையாவது மன்னாரில் இறக்கினார்கள்.

கோகுல்: ‘வெஸ்ட்வேர்ல்ட்’ கதை இன்னும் மோசம். 2022-ல் நிறுத்தியதோடு விடவில்லை, எடுத்த கம்பெனியே தன் தளத்திலிருந்தும் தூக்கிவிட்டது.

அத்தை: வேலையையும் பறித்து, லயத்துக் காம்பராவையும் பறித்த மாதிரி. நம் ஊர்க்கதை ஒன்றும் கிடையாதா?

கோகுல்: புத்தகம் இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க் 1956-லிருந்து இலங்கையில் இருந்தவர். 1979-ல் ஒரு நாவல் எழுதினார். நம் சிவனொளிபாதமலை மாதிரி ஒரு மலை உச்சியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட்.

அத்தை: (முழங்காலைத் தடவி) அடடே! அந்த மலைக்கு அடிவாரத்து நல்லதண்ணி ஊரிலிருந்து 5,000 படிக்கு மேல் ஏறி முட்டி தேய்ந்தவள் நான். எவ்வளவு உயரம் போகும்?

கோகுல்: செயற்கைக்கோள் நிற்கிற இடம்வரை, சுமார் 36,000 கிலோமீட்டர்.

அத்தை: நடுவில் கரண்ட் போனால்?

கோகுல்: ஜெனரேட்டர் இருக்கும்.

அத்தை: டீசலுக்கு யார் வரிசையில் நிற்பது? 2022-ல் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு ராத்திரி முழுக்க நின்ற ஆளிடம் பேசுகிறாய்.

கோகுல்: அதை அவர் எழுதவில்லை அத்தை.

அத்தை: அப்படியென்றால் நீ லிஃப்டில் போ. நான் கைத்தடி எடுத்துக்கொண்டு படியிலேயே வருகிறேன்.