ஸ்போர்ட்ஸ் கோட்டா என்றால் வகுப்புக்கே போக வேண்டாமா?

“ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினியரிங் சேர்ந்தால் வருகைப்பதிவு பார்க்க மாட்டார்கள், மேட்ச் ஆடினாலே பாஸ்” என்று கடலூர்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது.

தவறு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். போட்டிக்குப் போனவர்களுக்குச் சலுகை உண்டுதான். அதுவும் 65 வரைக்கும்தான், உரிய சான்றோடு. பாஸ் மார்க்கில் தள்ளுபடி கிடையாது. கோட்டா சீட் வாங்கித் தரும், அரியரை எழுதித் தராது.

சரி, கல்லூரியை எப்படிப் பார்ப்பது? வரவேற்பறைக் கோப்பைகளை விடுங்கள். போட்டி நாளில் தவறிய லேபையும் இன்டர்னல் தேர்வையும் மறுபடி வைக்கிறார்களா என்று அங்கே ஆடும் சீனியர்களிடம் கேளுங்கள். அப்புறம், மாலைப் பயிற்சி முடிந்தால் நெய்வேலிக்கோ சிதம்பரத்துக்கோ திரும்ப பஸ் இருக்குமா என்பதையும்.