"நீயே படி" என்று சொல்லிவிட்டேன்

பிள்ளை பிறந்ததோடு வாசிப்பு போய்விட்டது என்று என் வயதுத் தோழிகள் பலரும் சொல்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாசிப்பு முதன்முதலில் எப்படித் தொடங்கியது என்பதை நினைத்துப் பார்த்ததிலிருந்து அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

நான் வளர்ந்தது மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில். பாட்டி எங்களோடு இருந்தார். பக்கத்து மாநிலமான கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மரம் சீவிப் பால் எடுத்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடித்ததும், அப்பா வாங்கி வந்த தமிழ் நேசன் நாளிதழை என் மடியில் போட்டு "படி" என்பார். எனக்கு அப்போது எட்டு வயது. தலைப்புச் செய்தியெல்லாம் அவருக்கு வேண்டாம். முதலில் மரண அறிவிப்புகள். இன்னார் இறைவனடி சேர்ந்தார், 16-ஆம் நாள் கருமக்கிரியை இன்ன இடத்தில் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வரவேண்டும். பழைய தோட்டத்துப் பெயர் ஏதாவது காதில் பட்டால் "நில்லு" என்பார். அந்த ஆள் எந்த லயத்து வரிசை வீட்டில் இருந்தார், யாரைக் கட்டினார், எப்போது தோட்டத்தை விட்டுப் போனார் என்று அரை மணி நேரம் போகும். சில வாரம் ஒன்றும் பேசாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு "சரி, அடுத்ததப் படி" என்பார்.

அதெல்லாம் முடிந்த பிறகுதான் ஞாயிறு பதிப்பின் சிறுகதை. சீக்கிரம் முடித்துவிட்டு விளையாட ஓடலாம் என்று கடகடவென்று படித்தால் தடுத்துவிடுவார். "மூச்சு விட்டுப் படி. அவ அழுவுறான்னா அழுவுற மாதிரி படி." முற்றுப்புள்ளியில் நிற்கவும் கேள்விக்குறியில் குரலை ஏற்றவும் எழுத்தே தெரியாத அந்த மனுஷியிடம்தான் கற்றேன். 1924-இல் தொடங்கிய நேசன் 2019 ஜனவரி இறுதியோடு நின்றபோது பாட்டி உயிரோடு இல்லை. அன்று நான் அழுதது பத்திரிகைக்காக மட்டும் இல்லை.

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அந்தக் குரல் அடங்கிவிட்டது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மலாய் தேறுவதற்கென்று இருந்த ரிமூவ் கிளாஸில் ஒரு வருடம் மலாயோடு போராடி, அப்புறம் மலாயிலும் ஆங்கிலத்திலும் கண்ணால் மட்டும் படிக்கப் பழகினேன். சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் மூன்று ரிங்கிட், ஐந்து ரிங்கிட்டுக்கு ஆங்கில நாவல்கள் வாங்குவேன். தமிழ், இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் ஒரு பாடமாகச் சுருங்கிப்போனது.

வேலை அக்கரையில், தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுனில் கிடைத்தது. ஃபெரியில் போய்வந்த அந்த ஆறு வருடம்தான் நான் மிக அதிகம் படித்த காலம். அப்போது பட்டர்வொர்த்தில் ஏறும்போது ஒரு ரிங்கிட் இருபது காசு, திரும்பி வர இலவசம். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். கடல்காற்று பக்கங்களைப் புரட்டிவிடும் என்று கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படிப்பேன். மறுபடி தமிழுக்கு வந்ததும் அந்த மேல்தளத்து இருக்கைகளில்தான். என் வாசிப்பு என்று தோழிகளிடம் நான் புலம்பியதெல்லாம் இந்த ஆறு வருடத்தை நினைத்துத்தான்.

மகள் பிறந்த பிறகு படித்தது முழுக்கக் கைப்பேசியில். காய்ச்சலுக்கு மருந்து எத்தனை மில்லி, எந்த மாதம் எந்தத் தடுப்பூசி. அதுவும் படிப்புதான், ஆனால் ஒரு வரிகூட மனதில் தங்கவில்லை. அவளுக்கு இரண்டு வயதானதும் படப்புத்தகங்கள் வந்தன. ஒரே யானைக் கதையை எத்தனை நூறு தடவை படித்திருப்பேனோ!

இனிதான் நான் சொல்ல வந்தது.

அவள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு வந்தபோது 247 எழுத்தும் அத்துப்படி. பிழையில்லாமல் வாசிப்பாள். எனக்குப் பெருமை, கூடவே ஒரு நிம்மதி. இனி இரவில் படித்துக் காட்ட வேண்டாம். "இனிமே நீயே படிம்மா" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் ஒரு பக்கம் முழுவதும் தங்குதடையில்லாமல் வாசித்தாள். முடித்துவிட்டு, "கூறினான்னா என்னம்மா?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் ஐந்து இடத்தில் 'கூறினான்' இருந்தது. ஐந்து இடத்திலும் யார் என்ன சொன்னார்கள் என்பது அவளுக்குப் புரியவே இல்லை. 'சொன்னான்' தெரியும். 'வினவினாள்', 'சினந்தார்', 'விரைந்து' எதுவும் தெரியாது. எப்படித் தெரியும்? நம் வீடுகளில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். 'செஞ்சிக்கிட்டு இருந்தாங்க' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை 'செய்துகொண்டிருந்தார்கள்' என்பதை எழுத்துக் கூட்டி வாசித்துவிடும். ஆனால் அது காதில் விழுந்து பழகாத சொல். மலாய் தொலைக்காட்சியிலும் திடலிலும் காதில் விழுகிறது. ஆங்கிலம் எங்கும் இருக்கிறது. எழுத்துத் தமிழ் எங்கிருந்து காதில் விழும்? யாராவது படித்துக் காட்டினால்தான்.

பிள்ளைகள் தானாகப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டு அதிகம் புரிந்துகொள்வார்கள், தொடக்கப்பள்ளிக் காலம் முழுவதும் பெரும்பாலும் இப்படித்தான் என்று வாசிப்பை ஆராய்கிறவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். நாமோ பிள்ளை எழுத்துக் கூட்டத் தொடங்கிய அன்றே படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம். அப்புறம், பத்து வயதில் "தமிழ்ப் புத்தகத்தைத் தொடவே மாட்டேங்கிறா" என்று பிள்ளைமேல் குறை சொல்கிறோம்.

நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர்களிடம் புத்தகத்தை எடு என்று எந்த முகத்தோடு சொல்வது? மலாய்ப்பள்ளியில் படித்ததால் தமிழ் வாசிக்க வராத பெற்றோரும் நிறைய. அவர்களுக்கு என் பாட்டியைத்தான் காட்ட முடியும். அவர் படித்துக் காட்டவில்லை, உட்கார்ந்து கேட்டார். புரியாத இடத்தில் "அப்படின்னா?" என்றார். பிள்ளையைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்க்காமல் பதினைந்து நிமிடம் கேளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தகங்களின் விலை ஏறித்தான் இருக்கிறது. வருமான வரியில் வாழ்க்கைமுறைச் சலுகை 2,500 ரிங்கிட் வரை உண்டு, புத்தகமும் அதில் அடக்கம். அதே சலுகையில் கைப்பேசியும் வருவதால் பல வீடுகளில் முழுத்தொகையும் அதற்கே போய்விடுகிறது.

மகள் 'கூறினான்' கேட்ட அன்றிரவே மறுபடி படித்துக் காட்ட ஆரம்பித்தேன். இப்போது அவளுக்குப் பத்து வயது, தம்பிக்கு நான்கு. தினமும் இருபது நிமிடம், பழைய ஃபெரி நேரம். என் வாசிப்பும் மாறிவிட்டது. கண்ணால் படித்த காலத்தில் வர்ணனைகளைத் தாண்டி ஓடுவேன், இப்போது தாண்ட முடியாது. பொய்யாக எழுதிய வாக்கியம் நாக்கில் தட்டுகிறது. நல்ல வாக்கியத்தில் என்னை அறியாமல் பாட்டியின் நிதானம் வந்துவிடுகிறது.

போன வாரம் வேலை முடிந்து வர ஒன்பதரை ஆகிவிட்டது. மகள் காத்திருக்காமல் அடுத்த அத்தியாயத்தைத் தானே படித்துமுடித்திருந்தாள். மனசு லேசாக வலித்தது. சரி, கதையைச் சொல் என்றேன். முழுக்கச் சொன்னாள், ஒன்றையும் விடவில்லை. சொல்லிவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அந்த ஆத்தங்கரை பக்கத்த மட்டும் நீங்க படிங்கம்மா. நான் படிச்சப்போ அந்தத் தாத்தா அழுவுறது கேக்கல."