கெலின் சலாமும் கோர்க்கோவும்

"ரஷ்யக் கல்யாணம் என்றால் சுதந்திரம், உஸ்பெக் கல்யாணம் என்றால் பெண்ணடிமை" என்று நம் ஆட்கள் எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் மருத்துவம் படித்த காலத்தில் இரண்டு வகைக் கல்யாணத்துக்கும் போயிருக்கிறேன். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

உஸ்பெக் கல்யாணத்தில் விடியற்காலையிலேயே பந்தி போட்டுவிடுவார்கள். தொழுகை முடிந்த கையோடு மஹல்லா, அதாவது அக்கம்பக்கத்து ஆண்கள் திரண்டு வர, கசான் என்கிற பெரிய இரும்புக் கொப்பரையில் ஓஷ் என்கிற சோறு தயாராக இருக்கும்: ஆட்டுக்கறி, மஞ்சள் கேரட், அரிசி. சாப்பிட்டு, கையேந்தி துவா செய்து எழுந்தால் அடுத்த பந்தி. தெருவே அந்த வீட்டுக்குச் சொந்தம் என்கிற மாதிரி இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பிடிக்காதது, அதற்காக வாங்கும் கடன். ரஷ்யாவில் கட்டட வேலை பார்த்துச் சேர்த்த காசு கல்யாணத்திலேயே கரைந்துபோகும் குடும்பங்கள் அங்கே நிறைய. அரசாங்கமே தலையிட்டு, 2020 ஜனவரி முதல் விருந்தினர் எண்ணிக்கை, ஊர்வலக் கார்கள், பாடகர்கள் எல்லாவற்றுக்கும் வரம்பு வைத்தது.

ரஷ்யர்கள் கல்யாணத்தில் மணப்பெண்ணை அழைத்துப்போக வரும் மாப்பிள்ளை, அவளுடைய தோழிகளிடம் பணமும் மிட்டாயும் கொடுத்துத்தான் உள்ளே நுழைய முடியும். விருந்தில் "கோர்க்கோ!" என்று கத்துவார்கள். கசக்கிறது என்று அர்த்தம். மணமக்கள் முத்தமிட்டுக் கசப்பைப் போக்க வேண்டும். முத்தம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று ஊரே சத்தம் போட்டு எண்ண, வெட்கத்தோடு நின்ற மணப்பெண்ணுக்கு என்ன சுதந்திரம் இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் அங்கே ஒன்று மனதுக்கு நிறைவாக இருந்தது. மாமியார் உப்போடு கரவாய் ரொட்டி ஏந்தி வரவேற்கிறார். மணமக்கள் இரண்டு பேரும் அதே ரொட்டியைக் கடிக்கிறார்கள். பெரிய துண்டு கடித்தவர் கையில்தான் வீட்டு நிர்வாகம் என்பார்கள். மணப்பெண்ணான என் தோழி வாய் நிறையக் கடித்தாள்.

ஓர் உஸ்பெக் கல்யாணத்தில், முந்தைய நாள் வெள்ளை கவுனில் இருந்த மணப்பெண், மறுநாள் காலை கெலின் சலாம் என்கிற மருமகள் வணக்கச் சடங்குக்கு முகத்திரையோடு முற்றத்தில் நின்றாள். ஒரு அம்மா ஒவ்வொரு உறவாகப் பெயர் சொல்லிப் பாட, ஒவ்வொருவருக்கும் இடுப்பு வளையக் குனிந்தாள். புது வீட்டு உறவுகள் பரிசோடு அவளை ஏற்றுக்கொள்வது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நேரம் ஆக ஆக அவளுக்குக் கால் நடுங்க, பக்கத்தில் இருந்தவர் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

இந்தச் சடங்கை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று குனியட்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். அன்று அவர் அறைக்குள் நண்பர்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.