வருஷத் திதி அன்னைக்கு இலைய மட்டும் எண்ணாதீங்க, அந்த வீட்டு ஆளையும் கொஞ்சம் பாருங்க

எங்க பக்கம் ஒரு சாவு விழுந்துட்டா பதினாறு நாள் வரைக்கும் அந்த வீட்டுல ஆளுக்கு பஞ்சம் இருக்காது. சம்பந்தி வீட்டு சாப்பாடு வரும், பக்கத்து வீட்டு அக்கா ஃபிளாஸ்க்ல காபி போட்டு கொண்டு வந்து வச்சிட்டு போவாங்க, கேதம் கேக்க ஆள் வந்துகிட்டே இருக்கும். கருமாதி பந்தி முடிஞ்சு எல்லாரும் பஸ் ஏறுனா அடுத்து மொத்த சொந்தமும் சேர்றது வருஷத் திதிக்கு தான். அன்னைக்கும் ஐயர் எத்தன மணிக்கு வர்றாரு, எத்தன இலை போடணும்ங்குற பேச்சு தான் ஓடும், இந்த ஒரு வருஷம் துக்கத்துல இருக்குற அந்த வீட்டு மனுஷன் எப்படி இருந்தாருன்னு ஒருத்தரும் விசாரிக்க மாட்டாங்க.

எதுக்கு இத சொல்றேன்னா, நம்ம வருஷத் திதியும் டாக்டர்மார் சொல்ற கணக்கும் கிட்டத்தட்ட ஒண்ணா வருது. 2022 மார்ச்ல அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கம் எது எது மனநோய்னு டாக்டர்மார் பாக்குற தன்னோட டிஎஸ்எம் புஸ்தகத்த திருத்தி போட்டப்ப 'ப்ரொலாங்டு க்ரீஃப் டிஸார்டர்'னு ஒண்ண புதுசா சேர்த்தாங்க, நம்ம பாஷைல நீடித்த துக்கம்னு வச்சுக்கலாம். பெரியவங்களுக்கு சாவு நடந்து 12 மாசமாவது ஆகியிருக்கணும், கடைசி ஒரு மாசமா அநேகமா தினமும் அந்த வேதன இருக்கணும், அப்ப தான் அந்த பேரு சொல்லணும்னு அதுல இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி 11ங்குற நோய்ப் பட்டியல் 6 மாசம் போதும்னு சொல்லுது. என்ன கேட்டா நம்ம ஆளுங்களுக்கு 12 மாசம் தான் பொருந்தும், ஏன்னா மொத வருஷம் பொங்கல் கிடையாது தீபாவளி கிடையாது கோயிலுக்கு போகக்கூடாதுன்னு நம்மளே துக்கத்துக்கு ஒரு வருஷம் ஒதுக்கி குடுத்துருக்கோம், அந்த நேரத்துல ஒருத்தர் முடங்கி கிடந்தா அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

சரி, என்னத்த பாக்குறது? அழுகைய பாக்காதீங்க. பத்து வருஷம் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுல திடீர்னு அழறவங்க நல்லா தான் இருப்பாங்க, சொட்டு கண்ணீர் விடாதவங்க உள்ளுக்குள்ள முடிஞ்சு போயிருப்பாங்க. முக்கியமா ரெண்டு விஷயம், செத்தவங்க மேல தீராத ஏக்கம், இல்லன்னா எந்நேரமும் அவங்க நெனப்பாவே இருக்கறது, இதுல ஒண்ணாவது இருக்கும். அதோட சேர்ந்து வேற சிலதும் வரும். "அவ போனப்பவே நான் பாதி போயிட்டேன்"ம்பாங்க. ஒரு வருஷம் ஆகியும் நம்ப முடியலம்பாங்க. அந்த ஆள ஞாபகப்படுத்துற தெரு, சாமான், சொந்தக்காரங்கன்னு எல்லாத்தையும் தவிர்ப்பாங்க. கசப்பு, கோவம், மரத்துப்போன மாதிரி ஒரு பார்வை, இருந்து என்ன பண்ணப்போறேன்ங்குற பேச்சு, வீடு நிறைய ஆள் இருந்தும் தனிமை, பழையபடி வேலை வெட்டி நாலு பேர்கிட்ட பேச்சுன்னு திரும்ப முடியாம போறது. அந்த புஸ்தகத்துல இப்படி 8 போட்டு அதுல 3 இருக்கணும்ங்குறாங்க, நமக்கு அந்த எண்ணிக்கை வேணாம், அது டாக்டர் வேலை.

எங்க பெரியப்பாவ சொல்றேன். பெரியம்மாவுக்கு கேன்சர், கடைசி வரைக்கும் அவரு தான் பாத்துகிட்டாரு, குளிப்பாட்டுறது கஞ்சி குடுக்குறது எல்லாம். அவங்க போனதுக்கு அப்புறம் அவங்க ஃபோன தினமும் சார்ஜ் போடுவாரு, மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுவாரு. இத மட்டும் பாத்தா நோய்னு சொல்ல மாட்டேன், போட்டோகிட்ட பேசுறதும் நோய் இல்ல, அதெல்லாம் நம்ம வீடுகள்ல உள்ளது தான். ஆனா ஃபிரிட்ஜ் மேல பெரியம்மாவோட மாத்திரை கவர் அப்படியே இருக்கும், எக்ஸ்பயரி ஆகி எவ்வளவோ நாளாச்சு யாரையும் தொட விடமாட்டாரு, அதுக்கு பக்கத்துலயே அவரோட சுகர் மாத்திரை அட்டை பிரிக்காம கிடக்கும். பேத்தி காதுகுத்துக்கு வரல. அந்த ஆஸ்பத்திரி இருக்குற ரோட்டுல போகக்கூடாதுன்னு ஆட்டோக்காரர ஊர சுத்தி ஓட்ட சொல்லுவாரு. ரெண்டாவது திதி வந்தப்பவும் "ஒரு மாசம் முன்னாடி கூட்டிட்டு போயிருந்தா பொழச்சிருப்பா"ன்னு அதே பேச்சு.

இத்தனையும் பாத்துட்டு சொந்தக்காரங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "என்னா பாசம்யா, இந்த காலத்துல இப்படி ஒரு புருஷன் பொண்டாட்டிய பாக்க முடியுமா"ன்னாங்க. எனக்கு எரிச்சல் வர்றது இந்த எடத்துல தான். பாசம்னு சொல்லி கைதட்டிட்டு போயிட்டா அந்தாளு சுகர் ஏறி விழுந்தா யாரு பாக்குறது?

பொம்பளைங்க கதை இன்னும் மோசம். புருஷன் செத்தவ மூலைல உக்காந்திருந்தா அது தான் மொறைன்னு நெனைக்கிறாங்க, அதனால அவளுக்கு உதவி வேணும்னு யாருக்கும் தோணாது. அவளே கொஞ்சம் எந்திரிச்சு பளிச்னு ஒரு சேல கட்டிட்டு வேலைக்கு கெளம்புனா "அதுக்குள்ளயா"ன்னு பேசுவாங்க. ஆம்பளையா இருந்து குடிக்க ஆரம்பிச்சா குடிகாரன்னு பட்டம், எப்ப இருந்து குடிக்கிறான்னு ஒருத்தரும் கணக்கு பாக்குறதில்ல.

துக்கத்தையும் நோயாக்கிட்டானுங்க, மாத்திரை விக்கிறதுக்குன்னு சில பேரு கேப்பீங்க. பாதி நியாயம் தான். துக்கப்படுற எல்லாருக்கும் இது வர்றதில்ல, 2017ல பல ஆய்வுகள ஒண்ணா சேர்த்து பாத்ததுல, இயற்கையான காரணத்துல உறவ இழந்தவங்கள்ல சுமார் 10 பேர்ல ஒருத்தருக்கு தான் இது இருந்துச்சு. மிச்ச பேரு தட்டுத்தடுமாறி எந்திரிச்சுடுறாங்க. ஆனா ஆக்சிடெண்ட், தற்கொலை, கொலைன்னு போனா இது ரொம்ப ஜாஸ்தி, புள்ளைய பறிகொடுத்தவங்களுக்கும் தான். கொரோனா நேரத்துல பிளாஸ்டிக்ல சுத்துன உடம்ப தூரத்துல நின்னு பாத்துட்டு வந்தவங்கள நெனைச்சா எனக்கு இப்பவும் கவலையா இருக்கு, அவங்களுக்கு ஒரு கேதம் கேக்க கூட ஆள் வரல. அப்புறம் அவங்கவங்க ஊர் வழக்கத்துக்கு மீறி இருந்தா தான் நோய்ங்குறதும் அந்த புஸ்தகத்துலயே இருக்கு, அதனால திதி குடுக்குறது காக்காவுக்கு சோறு வைக்கிறதுல எல்லாம் யாரும் கை வைக்கல.

மாத்திரை விஷயத்துக்கு வர்றேன். இது டிப்ரஷன் மாதிரியே தெரியும், ரெண்டும் சேர்ந்தும் வரும், ஆனா ஒண்ணு இல்ல. டிப்ரஷன்ல எதுவுமே பிடிக்காது, தன் மேலயே வெறுப்பு வரும். இதுல மனசு ஒரே ஆள சுத்தி சுத்தி வரும், அந்த ஆள பத்தி கேட்டா முகம் மலரும், அடுத்த நிமிஷமே ஒடஞ்சு போவாங்க. கேத்தரின் ஷியர்னு ஒரு டாக்டரம்மா, துக்கத்துக்குன்னே 16 தடவ உக்காந்து பேசுற ஒரு சிகிச்சைய பரிசோதிச்சு பாத்தாங்க, 2016ல வெளிவந்துச்சு. அந்த பேச்சு சிகிச்சையோட டிப்ரஷன் மாத்திரையும் சேர்த்து குடுத்ததுல டிப்ரஷன் கொறஞ்சுது, துக்கத்துக்கு மாத்திரையால தனியா பெருசா பலன் இல்ல, அதுக்கு உதவுனது பேச்சு தான். சாவு நடந்த கதைய திரும்ப சொல்ல வைக்கிறது, தவிர்க்கிற எடத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா போக வைக்கிறது, செத்தவங்ககிட்ட மனசுக்குள்ள நேரா பேச வைக்கிறதுன்னு போகும். கடைசி விஷயத்த படிச்சதும் எனக்கு ஒப்பாரி தான் ஞாபகம் வந்துச்சு, எங்க அப்பத்தா எல்லாம் பாடையில கிடக்குறவங்க பேரச் சொல்லி சண்டையே போடும். இப்ப அதையும் ஸ்பீக்கர்ல போட்டு விட்டுடுறாங்க.

அதனால திதிக்கு போறவங்க "தைரியமா இரு, புள்ளைங்களுக்காக இரு"ன்னு சொல்றத விட்டுட்டு ராத்திரி தூங்குறீங்களா, மாத்திரை போடுறீங்களா, வெளிய கடைசியா எப்ப போனீங்கன்னு கேளுங்க. அவங்ககிட்டயே போயிடலாம்னு தோணுதான்னும் நேரா கேளுங்க, கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னு சொன்னா 12 மாசம் கணக்கெல்லாம் பாக்காம தனியா விடாதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. 14416க்கு எந்நேரமும் ஃபோன் போடலாம், டெலி மானஸ், கவர்மெண்ட் நம்பர், தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது.

பெரியாஸ்பத்திரில மனநல ஓபி இருக்கு. ஆனா தனியா அனுப்பாதீங்க, கூட ஒரு ஆள் போங்க, சீட்டு வாங்குற எடத்துல தெரிஞ்ச மூஞ்சி ஏதாவது இருந்துட்டா அப்படியே திரும்பி வந்துடுவாங்க. எங்க பெரியப்பா மொத தடவ அப்படி தான் வந்தாரு, ரெண்டாவது தடவ அவரு மக லீவ் போட்டு கூட போன பெறகு தான் உள்ளயே போனாரு.